இரண்டாவது சிலிண்டர்

எங்கள் ஆய்வுகூடத்தில் உப்பளத்து நுண்ணுயிர்களைக் கலனில் வளர்த்து நொதியம் எடுக்கிறோம். அன்று மதியம் நிதிக் குழு வரவிருந்தது. நுண்ணுயிர்கள் உயிரோடு இருந்தால்தான் அடுத்த கட்ட நிதி கிடைக்கும். காலையில் தலைமன்னார் முழுவதும் மின்சாரம் போனது. காற்றுப் பம்பு நின்றது. மின்கலத்தில் இயங்கும் மானியில் கலனின் ஒட்சிசன் அளவு இறங்கத் தொடங்கியது.

மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். முதலாவது ஜெனரேட்டர், பழுது. இரண்டாவது கைப்பம்பு, போதாது. மூன்றாவதாக எதுவும் தோன்றவில்லை. வெளியே, கடலட்டை பிடிக்கும் சுழியோடி ஒருவர் இரண்டு காற்றுச் சிலிண்டர்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன்.

“என்ன, உங்கட பூச்சியளும் சுழியோடுதுகளோ?” என்று சிரித்தார்.

“மூச்சுத் திணறுதுகள் அண்ணா. ஒண்டு தருவீங்களோ?”

“கொண்டு போங்கோ தங்கச்சி. எனக்கு மற்றது போதும்.”

அவரே வந்து குழாயைப் பூட்டித் தந்துவிட்டுக் கடலுக்குப் போனார். கலனில் குமிழிகள் எழுந்தன. வெளியே காற்று பலமாக வீசத் தொடங்கியது.

குழு வந்து பார்த்தது. நிதி தொடரும் என்றது. நான் யன்னலூடாகக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றப் படகுகள் எல்லாம் திரும்பியிருந்தன.

பொழுது சாயும்போதுதான் அவருடைய படகு கரைக்கு வந்தது. உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

“நீரோட்டம் இழுத்துப்போட்டுது. சிலிண்டரில காத்து முடியேக்கதான் படகைக் கண்டனான்,” என்றார். பிறகு, “பூச்சியள் தப்பிட்டுதுகளோ?”

“ஓம் அண்ணா.”

கலனுக்குள் எவ்வளவு காற்று மிச்சம் என்று காலையிலிருந்து நொடிக்கு நொடி பார்த்தவள் நான். அவருக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.