நர்ஸை ஏமாற்றிய நாளும் மேரி அக்காவும்

முந்தாநாள் காலை அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தபோது நம் கம்பெனி லைனின் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. மேரி அக்கா இறந்துவிட்டார். ஷூ கடித்த புண்தான் என்று தைலம் தடவிக்கொண்டிருந்தாரே, அது ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் சர்க்கரை முற்றியிருப்பது தெரிந்ததாம். லைனில் நீங்கள் எல்லாரும் பென்னலூரில் அவர் வீட்டுக்குப் போய் முகம் பார்த்தீர்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி சாவு வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது என்று மாமியார் என்னை விடவில்லை. அதனால்தான் இதைக் குரூப்பில் எழுதுகிறேன். நான் படித்தது எட்டாவதுதான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் மாதத்தில் எனக்குக் கர்ப்ப சர்க்கரை என்றார்கள். சாப்பாட்டில் அடங்கவில்லை என்றால் ஊசி. ஊசிக்குப் பயந்து, அடுத்த சோதனைக்கு முந்தின நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தேன். அளவு குறைந்து வந்தது. நர்ஸ் பாராட்டினார். அன்றே லைனில் பக்கத்தில் நின்ற அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். போர்டில் ஒயர் சொருகிக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

"நர்ஸம்மாவ ஏமாத்திட்ட. சரி. வயித்துல கீற புள்ளைய எப்டிடி ஏமாத்துவ?"

மறுநாளே பர்மிஷன் போட்டு என்னை அந்த நர்ஸிடம் இழுத்துக்கொண்டு போனார். "நேத்து எடுத்தது பட்டினி கெடந்த நம்பரும்மா. சாப்ட்டுட்டு வந்துக்கீறா, மறுபடி பாரு" என்றார். அளவு ஏறியிருந்தது. அவமானத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் கேன்டீனில் அவரே எதிரில் வந்து உட்கார்ந்தார். "சோத்த மலையா குவிச்சிக்கினு, டீல சக்கர வாணாம்னா சக்கர எறங்கிடுமா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என் சோற்றில் பாதியைத் தன் தட்டுக்கு அள்ளிக்கொண்டு, தன் முட்டையையும் பொரியலையும் எனக்குத் தள்ளினார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

"உனக்கு ஒண்ணும் ஆகாதாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டாவது புள்ளையோட எனக்கும் இந்தச் சக்கர வந்துச்சு. பெத்ததும் போய்டும்னாங்க, போய்டுச்சு."

போனதா என்று அவர் ஒருமுறைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை. என் பாதிச் சோறு யார் உடம்பில் போய்ச் சேர்ந்தது என்று நினைத்தால் இப்போது சாப்பாடு இறங்கவில்லை. அப்போது அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டேன்.

இன்று சோதனைக்குப் போனேன். பிரசவமாகி ஆறு வாரம் கழித்தும் வந்து பார்க்க வேண்டும் என்றார் நர்ஸ். "அதான் பெத்ததும் போய்டுமே" என்று மாமியார் சிரித்தார். அக்கா சொன்ன அதே வார்த்தை. ஆறு வாரக் கணக்கை அட்டையில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிவந்தேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பயம்தான். இதை விடமாட்டேன்.