கோனாவுக்கு ஒரு நெடில்

மான் ரோட்டுக்கு வந்தால் டிரைவர் என்ன செய்ய வேண்டும் என்பதில் எங்கள் ஆட்டோ தரிப்பிடத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. யாரும் கேட்காமலே சொல்வேன். ஹாரன் அடிக்காதே, மிரண்டால் எந்தப் பக்கம் பாயும் என்று அதற்கே தெரியாது. பெரிய லைட்டைக் குறை, கண் கூசினால் நட்டு வைத்த மாதிரி நின்றுவிடும். குறுக்கே வந்துவிட்டால் நேராகப் பிரேக்கை மிதி, ஹேண்டிலை ஒடிக்காதே. எங்கள் தோட்டத்து ரோட்டில் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். ஒடித்தவன் நேரே தேயிலைக்குள் போய்த்தான் எழும்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்று கடந்துவிட்டது என்று வண்டியை எடுத்துவிடாதே. பின்னால் இன்னொன்று வரும்.

இந்தக் கடைசி விதியை என் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் பின்னால் வந்த இன்னொன்றை இடித்தேன்.

இரத்தினபுரியில் சாமான் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தோம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. பொழுது சாயும் நேரம். காட்டை ஒட்டிய வளைவில் ஒரு மரை, மான்களில் பெரிய சாதி, ரோட்டுக்கு இறங்கியது. நான் என் சட்டப்படி லைட்டைக் குறைத்து, ஹாரனைத் தொடாமல், வண்டியை நிறுத்தினேன். அது எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிப் போனது. அதோடு பேசாமல் இருந்திருக்கலாம். அது என் பிறவியிலேயே இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டே பின்சீட்டுப் பக்கம் திரும்பினேன்.

“பாத்தியா, எப்புடி நிப்பாட்டுனேன்? வேற டிரைவரா இருந்தா என்ன செய்வான்? ஒன்னு போயிருச்சின்னு ஒடனே...”

“முன்னாடி பாத்து ஓட்டுங்க.”

“பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். ஒடனே எடுத்துருவான். ஆனா பின்னாலயே...”

மீதியை மரை முடித்து வைத்தது. சத்தம் பெரிதாக இல்லை, மாவு மூட்டை விழுந்த மாதிரி. உண்மையாகவே மாவும் விழுந்திருந்தது. நான் இறங்கிப் போய்ப் பார்க்கையில் அது மழைத் தண்ணீர் ஓடும் ரோட்டோரக் கானுக்குள் கிடந்தது. பெண் மரை. பின்னங்கால் ஒன்று இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. எழும்பப் பார்த்து, முடியாமல், தலையைக் கானின் கரையில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கியது.

மனைவி குடையை விரித்து அதன் தலைக்கு மேல் பிடித்தாள். மழை இல்லை. இருந்தாலும் பிடித்தாள்.

“உசுரு இருக்குங்க. யாருக்காச்சும் போன் பண்ணுங்க. நம்ம ஆளுங்க பாத்தா கத்தியோட வந்துருவாங்க.”

அவள் சொன்னது வீண் பயம் இல்லை. அடிபட்ட மரைக்கு எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரி கிடையாது, சட்டிதான் உண்டு. வனஜீவராசிக்காரர்கள் வந்தால் மட்டும்தான் அது பிழைக்கும். அவர்களுடைய நம்பர் என்னிடம் இல்லை. பொலிஸ் நம்பர் இருந்தது.

இங்கே என் சிங்களத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைப் பற்றி நானே நிறையச் சொல்லியிருக்கிறேன். என் சிங்களத்தைக் கேட்டு என்னைத் தமிழன் என்று நம்பாதவர்கள் இருக்கிறார்கள் என்பது என்னுடைய கதைகளில் ஒன்று. போனில் பொலிஸ்காரர் கிடைத்ததும் எங்கள் தோட்டத்தின் பெயரையும் வளைவையும் ஒரே மூச்சில் சொல்லி, “கொனெக் ஹெப்புனா மஹத்தயா, தாம பண தியெனவா” என்றேன். இடித்துவிட்டேன் ஐயா, இன்னும் உயிர் இருக்கிறது.

“காகெத?” என்றார். யாருடையது?

மரை யாருடையது என்று கேட்கிற பொலிஸை நான் பார்த்ததில்லை. தெரியாது என்றேன். அங்கேயே நில், சொந்தக்காரரை உடனே அனுப்புகிறேன் என்றார். வனஜீவராசித் திணைக்களத்துக்கு ‘சொந்தக்காரர்’ என்று என்ன அழகான பேர் வைத்திருக்கிறார்கள் என்று வியந்தபடி போனை வைத்தேன். மனைவி குடையோடு கொஞ்சம் தள்ளி நின்றதால் நான் பேசியது அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

காத்திருந்தோம். புல்லுக்கட்டும் அரிவாளுமாக எங்கள் லயத்து வரிசையில் குடியிருக்கும் ஆள் ஒருவர் அந்த வழியே வந்தார். கானை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், பாசத்தோடு.

“அண்ணே, நல்ல சாமானா அடிச்சிருக்கீங்களே.”

“பொலிசு வந்துக்கிட்டு இருக்கு,” என்றாள் மனைவி. “நில்லுங்க, சாட்சி சொல்லிட்டுப் போகலாம்.”

“ஐயோ தங்கச்சி, மாடு பட்டினியா கெடக்கும்,” என்று அவர் புல்லுக்கட்டை இறுக்கிக்கொண்டு நடந்தார். சாட்சி என்றதும் அந்த நடையில் வந்த வேகத்தைப் பார்த்து நான் சிரித்தேன். சிரித்தது அதுதான் கடைசி.

கீழே கிராமத்துப் பக்கமிருந்து ஒருவர் ஓடி வந்தார். என் மாமா வயது இருக்கும், மாமா என்றே சொல்கிறேன். சாரத்தை மடித்துக் கட்டி, கையில் கயிறு, செருப்பில்லாத கால். அந்த ஏற்றத்தில் என் ஆட்டோவே முனகும். வந்தவர் மூச்சிரைக்க முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் கேட்டார்.

“கொனா கோ?”

எங்கே என்று கேட்கிறாரே என்று நான் கானைக் காட்டினேன். அவர் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கானைப் பார்த்துவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. அவருடைய உழவு மாடு விடியற்காலையிலிருந்து காணவில்லை. இருப்பது அந்த ஒன்றுதான். திருடன் கொண்டுபோய்விட்டான் என்று பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். தோட்டத்து ரோட்டில் உன் மாடு அடிபட்டுக் கிடக்கிறது, உயிர் இருக்கிறது, ஓடு என்று பொலிஸிலிருந்து போன் வந்திருக்கிறது. ஓடி வந்திருக்கிறார்.

மனைவி என்னைப் பார்த்தாள். “போன்ல என்னா சொன்னீங்க?”

“கொனான்னு.”

“அது மாடு. இல்லாட்டி நீங்க. மரைக்குக் கோனா. இழுக்கணும்.”

சிங்களத்தில் கொனா என்றால் காளைமாடு. புத்தி கெட்டவனுக்கும் அதுவே பேர். கோனா என்றால் மரை. எனக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். பதற்றத்தில் நெடிலை விழுங்கிவிட்டேன். தமிழில் எழுதினாலும் கொம்பில்தான் வித்தியாசம். கானுக்குள் கிடந்ததற்கோ கொம்பே இல்லை.

மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது நையாண்டி செய்து தப்பியிருப்பேன். என் போனை வாங்கி அவரே பொலிஸில் பேசினார். “கோனெக், கோனெக்” என்று இரண்டு தடவை இழுத்துச் சொன்னார். பிறகு கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, கானுக்குள் இறங்கி, மரையின் தலை தண்ணீரில் சாயாதபடி பிடித்துக்கொண்டார். தன் மாடு எங்கே என்று தெரியாத மனுஷன்.

வனஜீவராசி வண்டி வந்தபோது இருட்டிவிட்டது. வண்டியின் வெளிச்சம் வளைவில் தெரிவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மரை காலை ஒரு தடவை உதைத்து அடங்கியது. மாமா கையை எடுக்கவில்லை. மனைவி குடையை மடக்கினாள்.

வந்த உத்தியோகத்தர் தொட்டுப் பார்த்தார். உடம்பில் சூடு இருக்கிறது என்றார். அடிபட்டு இவ்வளவு நேரமாக ஏன் எங்களுக்குத் தகவல் வரவில்லை, சாகட்டும் என்று காத்திருந்தீர்களா என்று என்னைக் கேட்டார். குரலில் வழக்கு இருந்தது. என் புகழ்பெற்ற சிங்களத்தை விட்டுவிட்டு, கையால் மரையையும் போனையும் மாறி மாறிக் காட்டினேன்.

மாமா கானிலிருந்து ஏறி வந்து கையைச் சாரத்தில் துடைத்தார். “இவர் அப்பவே சொல்லிட்டார் மஹத்தயா,” என்று சிங்களத்தில் சொன்னார். “கோனான்னுதான் சொன்னார். பொலிஸ்ல இருந்தவருக்குச் சரியாக் கேக்கல. மாடுன்னு நெனச்சிட்டார்.”

உத்தியோகத்தர் என் பக்கம் திரும்பினார். “அப்படியா?”

அந்தப் பொலிஸ்காரரை நினைத்துப் பார்த்தேன். நான் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டவர். காலையில் வந்த முறைப்பாட்டை மறக்காமல் வைத்திருந்து, மாட்டுக்காரரைத் தேடிப் பிடித்து, நேரம் கடத்தாமல் அனுப்பி வைத்தவர். பொலிஸைப் பற்றி நான் தரிப்பிடத்தில் சொல்லும் பகிடிகளில் ஒன்றுகூட அவருக்குப் பொருந்தாது. பக்கத்தில் நின்ற மனைவி குடையின் நுனியால் ரோட்டில் கிடந்த மாவைக் கிளறிக்கொண்டிருந்தாள், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.