டிரைவரம்மா பக்கத்து சீட்டுக்கு மாறிய கதை

அவள் இருபத்திரண்டு வருஷமாக டவுன் பஸ் ஓட்டியவள். டிப்போவில் எல்லோருக்கும் டிரைவரம்மா. அவள் பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை என்று பேர். புருஷன் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர். லைசென்ஸ் எடுத்துப் பதினைந்து வருஷமாகியும் கார் சாவியைத் தொட்டதில்லை. வீட்டிலேயே டிரைவர் இருக்கும்போது எனக்கென்ன தலையெழுத்து என்பார்.

மார்பில் வந்த புற்றுநோய்க் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தாயிற்று. அடுத்த மாதம் கீமோ ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். அதற்குள் செய்ய வேண்டியதை நர்ஸ் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். பல் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். ரத்தம் பரிசோதிக்க வேண்டும். வீட்டில் தெர்மாமீட்டர் இருக்க வேண்டும். கடைசி வரி: மருந்து ஏற்றும் நாளில் நீங்களே வண்டி ஓட்டக் கூடாது.

அந்த வரியில்தான் டிரைவரம்மாவுக்கு முகம் சுருங்கியது. வாடகைக் கார் பிடிக்கலாம் என்றார் புருஷன். வழியில் வாந்தி வந்தால் அடுத்தவர் வண்டியில் கூனிக் குறுகி உட்கார முடியாது என்றாள். மகளோ கைக்குழந்தையோடு வேறு ஊரில். பிறகு அவராகவே எழுந்து போய் சாவியை எடுத்தார்.

"கத்துக்குடு. ஆனா திட்டக் கூடாது."

"திட்டாம எப்படிங்க சொல்லிக்குடுக்கறது?"

டிப்போவுக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் பாடம் நடந்தது. மெக்கானிக் பழைய டயர்களை வரிசையாக வைத்துக் கொடுத்தார். முதல் நாளே நாலு டயர் சாய்ந்தது. சீட் பெல்ட் தையல் மேல் உரசியதில் அவள் பல்லைக் கடிப்பதை மட்டும் அவர் கவனித்துவிட்டார். மறுநாள் பெல்ட்டுக்கு நடுவே வைக்க உள்ளங்கை அளவு தலையணை ஒன்றைத் தானே தைத்துக் கொண்டுவந்தார். தையல் கோணல்மாணல். அன்றைக்கு அவள் திட்டவே இல்லை.

பல் ஒன்றைப் பிடுங்கியாயிற்று. முடி தானாகக் கொட்டுவதற்கு முன் காதோடு ஒட்ட வெட்டிக்கொண்டாள். கண்ணாடி முன் நின்று அழப்போனவளிடம், "இப்பத்தான் உன் காதே கண்ணுக்குத் தெரியுது. அழகாத்தான் இருக்கு," என்றார் அவர். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

முதல் ஊசிக்கு இரண்டு நாள் முன்பு ஆஸ்பத்திரிவரை ஒத்திகை போனார்கள். ஒரு சிக்னலில் நின்றபோது அவள் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க."

"மெதுவாத்தானே ஓட்டறேன்."

"வண்டிக்கு இல்ல."

அவர் கியரிலிருந்து கையை எடுத்து அவள் கையைப் பிடித்தார். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். நேரத்துக்கு வண்டி எடுத்தே பழகியவள், "அடிக்கட்டும் விடுங்க," என்றாள். அடுத்த பச்சைக்குத்தான் கார் நகர்ந்தது.

அந்த நாளும் வந்தது. நாலு மணி நேரம் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. இடையில் காவலாளி வந்து, இரண்டு வண்டி நிற்கிற இடத்தை ஒரே காரால் அடைத்துவைத்தது யார் என்று கேட்டார். கையில் ஊசியோடு அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். திரும்பும் வழியில், அவர் ஓட்ட, அவள் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள்.

ஆறு ஊசியும் முடிந்தது. முடி இரண்டாவது ஊசியோடு போனது, பம்பர் மூன்றாவதோடு. மறு வருஷம் அவள் பஸ்ஸுக்குத் திரும்பினாள். இப்போது அவர் கடைக்குக் காரில்தான் போகிறார். வீட்டுக்கு வந்ததும், ரோட்டில் ஒருத்தனுக்கும் வண்டி ஓட்டத் தெரியவில்லை என்று அவளிடம் குறைபட்டுக்கொள்கிறார். அவளும் உம் கொட்டிக் கேட்டுக்கொள்கிறாள்.