அவள் அர்த்தம் சொன்ன பாட்டுகள்

எனக்கு மைக்செட் தொழில். கொடைக்கானலில் மூஞ்சிக்கல் பக்கம் சின்னதாக ஒரு கடை. கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம், சர்ச் கன்வென்ஷன் என்று யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கர் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன். பூம்பாறையில் முருகன் பாட்டுப் போடுவதும், அடுத்த வாரமே இன்னொரு ஊரில் அல்லேலூயாவுக்கு எக்கோ கூட்டுவதும் எனக்கு ஒரே சோலிதான். மைக் கத்தாமல் இருக்க வேண்டும், கடைசி வரிசை வரைக்கும் வார்த்தை புரிய வேண்டும். பாட்டு யாருக்காகப் பாடப்படுகிறது என்று நான் யோசித்ததே இல்லை.

வீட்டிலும் அப்படித்தான். எங்களுடையது முருகனைக் கும்பிடுகிற குடும்பம். என் மனைவி கிறிஸ்தவள். அவளுடைய அப்பா சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். இங்கே எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்தே மகளைப் படிக்க வைத்தார். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் பாடுகிறாள். அவளைக் கொண்டுபோய் சர்ச் வாசலில் விட்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். கல்யாணத்தின்போது இரண்டு வீட்டிலும் நிறையச் சண்டை நடந்தது. பிறகு அவர்களுக்கே அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

அந்த நிம்மதியைக் கலைத்தது ஒரு வாலிபர் கூட்டம்.

அவளுடைய சர்ச்சில் நடந்த கூட்டத்துக்கு நான்தான் மைக்செட். மதுரையிலிருந்து ஒரு பாட்டுக் குழு வந்திருந்தது. கீபோர்டும் ரிதம் பேடும் வைத்து கீர்த்தனை பாடுவார்கள் என்று நினைத்து மிக்ஸரை அதற்குத் தகுந்தாற்போல் வைத்திருந்தேன். அவர்களோ டிரம் செட்டும் எலெக்ட்ரிக் கிதாரும் இறக்கினார்கள். முதல் பாட்டு ஆரம்பித்ததும் கரகரவென்று வந்த சத்தத்தில் என் ஆம்ப்ளிஃபையர்தான் போய்விட்டது என்று மேடைக்கு ஓடினேன். கிதார்காரப் பையன், அது அப்படித்தான் என்று கையைக் காட்டினான். இரண்டாவது பாட்டில் ஒரு பெண், பாடுகிறாளா பேசுகிறாளா என்று தெரியாத குரலில் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து அடியிலிருந்து டிரம்ஸ் எழுந்து வந்தது. என் கை ரோமமெல்லாம் சிலிர்த்து நின்றுவிட்டது. இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஆனதில்லை. மிக்ஸரைப் பார்க்கவே மறந்துபோய், மைக் கத்தி, எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

வயரைச் சுருட்டும்போது டிரம்ஸ் வாசித்தவனிடம் கேட்டேன்.

"தம்பி, இது என்ன வகைப் பாட்டு?"

"கிறிஸ்டியன் ராக்குண்ணே."

"ராக்குன்னா கெட்ட பாட்டும்பாங்களே?"

"அதெல்லாம் இல்லண்ணே. இதுவும் சாமி பாட்டுதான்."

"சாமி பாட்டு ஏன் இவ்வளவு கோவமா இருக்கு?"

அவன் சிரித்தான். "போன்ல தேடிக் கேட்டுப் பாருங்கண்ணே. நெறையக் கெடக்கு. நல்லது கொஞ்சந்தான் இருக்கும்."

தேடினேன். அவன் சொன்னது சரிதான், கணக்கில்லாமல் கிடந்தது. வண்டி ஓட்டும்போதெல்லாம் கேட்டேன். ஆரம்பத்தில் எது எதுவென்றே பிடிபடவில்லை. பாதிக்கு மேல் ஒரே பாட்டு மாதிரி இருந்தன. மெதுவாகப் பியானோ, பிறகு ஒருவர் கண்ணை மூடிப் பாடுவார், பிறகு டிரம்ஸ், பிறகு எல்லோரும் கையைத் தூக்குவார்கள். டிரம்ஸ் எந்த இடத்தில் வரும் என்பதை மூன்றாவது நாளே நான் ஸ்டியரிங்கில் தட்டிக் காட்டிவிடுவேன். ஏரிக்கரையில் விற்கிற ஹோம்மேட் சாக்லேட் போல, சுற்றின காகிதம்தான் வேறு வேறு. உள்ளே ஒரே இனிப்பு.

அதை விட்டு வேறு பக்கம் போனால் உடம்பெல்லாம் பச்சை குத்தினவர்கள் தொண்டை கிழிய உறுமினார்கள். அதுவும் துதிப்பாட்டுதான் என்று கீழே எழுதியிருந்தது. இன்னும் சில குழுக்கள், 'நாங்கள் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் எங்கள் குழு கிறிஸ்தவக் குழு இல்லை' என்று பேட்டி கொடுத்திருந்தன. இது எனக்கு முதலில் விளங்கவே இல்லை. பிறகு, நானும் முருகனைக் கும்பிடுகிறவன்தான், ஆனால் என் மைக்செட் இந்து மைக்செட் இல்லையே என்று தோன்றியது. கொஞ்சம் விளங்கின மாதிரி இருந்தது.

அந்தக் குப்பைக்குள்ளேயே சிலது கிடைத்தன. கனத்த குரலில் பாடுகிற ஒரு பெண்மணி. ஒற்றைக் கிதார்தான், அவசரமே கிடையாது. அப்புறம் மூன்று பேர் மட்டும் உள்ள ஒரு குழு. பாடுகிறவனுக்குச் சளி பிடித்த குரல். அவன் மூச்சு விடுவதும் நாற்காலி கிரீச்சிடுவதும் பாட்டில் கேட்கும். அதையெல்லாம் துடைத்து எடுக்காமல் விட்டிருந்தார்கள். சத்தத்தோடு பிழைக்கிற எனக்கு அது பிடித்துப்போனது. அந்த மூன்று பேர் பாட்டுகளில் ஒன்று துள்ளலாக இருக்கும். வேகமான இங்கிலீஷ் எனக்குப் பிடிபடாது. சந்தோஷமான பாட்டு, கூட்டங்களில் இடைவேளைக்குப் போடலாம் என்று தனியாக எடுத்து வைத்தேன்.

போடுவதற்கு முன்னால் அர்த்தம் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு சாயங்காலம் மனைவியிடம் போனேன். அவள் அடுப்படியில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதலில் அந்தப் பெண்மணியின் பாட்டைப் போட்டேன். கேட்கும்போதெல்லாம் நான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுகிற பாட்டு. யாரோ செத்துப்போனதற்குப் பாடுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

"நீர் நல்லவர், நீர் நல்லவர்னு பாடுறாங்க," என்றாள்.

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. அதேதான்."

"அதுக்கா இப்படி அழுகுறாங்க?"

"சந்தோசத்துலயும் அழுவாங்கல்ல," என்று சொல்லிவிட்டு நறுக்கினாள்.

அடுத்து அந்தத் துள்ளல் பாட்டு. கொஞ்ச தூரம் போனதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இத எங்க புடிச்சீங்க?"

"போன்லதான். என்ன சொல்றான்?"

"திட்டுறான்."

"யாரை?"

"ஆண்டவரை." பாட்டை முதலிலிருந்து வைக்கச் சொல்லி வரிவரியாகச் சொன்னாள். எல்லோரும் உம்மை நல்லவர் என்று பாடுகிறார்கள், நானும் கூடச் சேர்ந்து பாடினேன், ஆனால் நான் கூப்பிட்ட அன்றைக்கு நீர் எங்கே போயிருந்தீர் என்று அவன் கேட்கிறானாம். பாட்டு முழுக்க அந்த ஒரு கேள்விதானாம்.

"இவ்வளவு ஜாலியாவா கேப்பான்?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றாள்.

அவளுடைய அப்பா முந்தின வருஷ மழையில் இறந்தார். நெஞ்சுவலி என்று ஆம்புலன்ஸில் ஏற்றிக் கீழே கொண்டுபோனோம். வத்தலக்குண்டு போய்ச் சேருவதற்குள் வழியில் மரம் விழுந்து கிடந்தது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். மரத்தை அறுத்து முடிக்கும்வரை அவள் அப்பாவின் கையைப் பிடித்து ஜெபம் செய்துகொண்டே இருந்தாள். ரோடு திறந்தபோது அவர் இல்லை. அடக்கத்தன்று கல்லறையில் அவளே முன்னால் நின்று கீர்த்தனை பாடினாள். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. எல்லோரும் அவள் விசுவாசத்தை மெச்சினார்கள். எனக்கு மட்டும் கொஞ்சம் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் அந்த நாளைப் பற்றி என்னிடம் பேசினதில்லை.

பின்பக்கத்திலிருந்து வந்தவள், "அந்தப் பாட்ட எனக்கு அனுப்பி விடுங்க," என்றாள்.

சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, காதில் இயர்போன் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று சர்ச்சுக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறு தலைவலி என்றுகூடச் சொல்லவில்லை. நான் பாட்டுக்குக் குளித்துவிட்டு வண்டிச் சாவியோடு நின்றேன். "போகல," என்றாள், அவ்வளவுதான். நல்ல பாட்டைக் காட்டினேனா, விஷத்தைக் கொடுத்தேனா என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நடுவில் பூம்பாறையிலிருந்து என் அம்மா பஸ் ஏறி வந்துவிட்டாள். கொண்டுவந்த பூண்டுக் கட்டைக் கீழே வைக்கும் முன்பே கேட்டாள்.

"ஏலே, நீ ஏசு வேதத்துல சேந்துட்டியாமே?"

"யாரும்மா சொன்னா?"

"ஊரே சொல்லுது. வண்டிக்குள்ள பூராம் இங்கிலீசுல ஏசு பாட்டாம்ல."

"பாட்டுதாம்மா கேக்குறேன். கேக்க நல்லாருக்கு."

"பாட்டு நல்லாருக்குன்னா சாமி நல்லாருக்குன்னுதானலே அர்த்தம்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஆமாம் என்றும் வரவில்லை. அம்மா என் நெற்றியில் விபூதி பூசிவிட்டு, இருட்டும் முன் வீட்டுக்குப் போகவேண்டும் என்று வெரசாக் கிளம்பிவிட்டாள்.

அவள் போன மறுநாள் மாமியார் வந்தாள்.

"என்னா மருமகன், பிள்ளைக்கு என்னா பாட்டப் போட்டுக் காட்டுனீங்க? சர்ச் பக்கமே வரமாட்டேங்குது. கொயர்ல எல்லாம் என்னையத்தான் கேக்குறாங்க."

"அதுவும் ஏசு பாட்டுதாங்க அத்தை."

"ஏசு பாட்டக் கேட்டு யாராச்சும் சர்ச்ச விடுவாங்களா? எங்க, போடுங்க பாப்பம்."

போட்டேன். பாடுகிறவன் வாயைத் திறக்கும் முன்பே காதைப் பொத்திக்கொண்டாள். "தகரத்தப் போட்டு அடிக்கிற மாதிரியில்ல இருக்கு!"

ஒரே பாட்டுதான். என் அம்மா கணக்கில் அது என்னைக் கிறிஸ்தவன் ஆக்கிவிட்டது. மாமியார் கணக்கில் அது என் மனைவியை சர்ச்சை விட்டே வெளியேற்றிவிட்டது. என் கணக்குதான் இடித்தது. பூம்பாறை வளைவில் பனி இறங்கும்போது அந்தக் கனத்த குரல் பெண்மணி பாடினால் எனக்குக் கண் கலங்கும். அது கடவுளாலா, நல்ல மைக்காலா? சோதித்துப் பார்க்கலாம் என்று, நான் ஆயிரம் தடவை திருவிழாக்களில் போட்ட முருகன் பாட்டு ஒன்றை முதல்முறையாக முழுக்க உட்கார்ந்து கேட்டேன். அதற்கும் கண் கலங்கியது. குழப்பம் இரண்டு மடங்கானது.

சர்ச்சில் ஒரு ஸ்பீக்கர் பழுது என்று ஆயர் கூப்பிட்டிருந்தார். ஏணியிலிருந்து இறங்கியதும், "வீட்டம்மாவ நாலஞ்சு வாரமா காணோமே?" என்று கேட்டார். மறைக்கத் தெரியாமல் பாட்டைப் போட்டுக் காட்டிவிட்டேன். வெறும் பெஞ்சில் உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி முழுதும் கேட்டார்.

"இத ஆராதனையில போட முடியாதுங்க," என்றார்.

"சரிங்கய்யா."

பெஞ்சிலிருந்து எழுந்து தன் போனை எடுத்தார். "எனக்கு அனுப்பி வையுங்க," என்றார்.

அந்த வாரமே இன்னொன்றும் தெரிந்தது. அந்தச் சளிக் குரல்காரன் இப்போது கடவுளை நம்புவதில்லை என்று எங்கோ சொல்லியிருக்கிறானாம். இதை மனைவியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அப்ப இது சாமி பாட்டா, இல்லையா?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "பாடும்போது நம்பியிருப்பான். இல்லாத ஆள யாருங்க இப்படித் திட்டுவா?"

"இப்ப நம்பலியே?"

"அது அவன் பாடு," என்றாள். பிறகு, "பாவம்," என்றாள். யாரைச் சொன்னாள் என்று கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. வெள்ளனே எழுந்து சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "வண்டிய எடுங்க." எதுவும் கேட்காமல் எடுத்தேன். அவளை இறக்கிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தேன். பாட்டுச் சத்தம் கேட்டது. கொயரில் அவள் குரல் இல்லை. ஆராதனை முடிந்து குடைகள் ஒவ்வொன்றாக விரிந்து எல்லோரும் போனார்கள். அவள் வரவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை. முகம் சிவந்திருந்தது. நானும் அதே பெஞ்சின் இந்தக் கோடியில் உட்கார்ந்தேன். மழை தகரக் கூரையில் கொட்டியது. மைக் வேலைக்கு அல்லாமல் அந்தக் கட்டடத்துக்குள் நான் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை.

வண்டியில் ஏறின பிறகு கேட்டேன். "ஜெபம் பண்ணுனியா?"

"சண்ட போட்டேன்."

"யாரு கூட?"

"நல்லாக் கேட்டீங்க, யாரு கூடன்னு." மூக்கைத் துடைத்தாள். "ரோட்டுல மரம் கெடந்தத முழுசாச் சொன்னேன். ஒண்ணு விடாம."

"பதில் வந்துச்சா?"

"இல்ல."

"பின்ன?"

"அடுத்த வாரமும் வரணும்," என்றாள்.

வந்தாள். அதற்கடுத்த வாரமும். கொஞ்ச மாதம் கழித்துக் கொயரிலும் சேர்ந்துகொண்டாள். ஆனால் முன்பு போல் குரல் உடையாமல் பாடுவதில்லை. சில வரிகளில் நிறுத்திவிட்டு மற்றவர்கள் பாடி முடிக்கும்வரை சும்மா நிற்கிறாள். மாமியாருக்கு அது போதவில்லை. என் அம்மா இப்போதும் வரும்போதெல்லாம் விபூதி கொண்டுவருகிறாள். நான் சில ஞாயிறு டீக்கடையிலும் சில ஞாயிறு கடைசி பெஞ்சிலும் உட்காருகிறேன். எந்த ஞாயிறு எங்கே என்பதற்குக் காரணம் சொல்லத் தெரியாது.

பாட்டுத் தேடுவதை விடவில்லை. இப்போது அவளும் தேடுகிறாள். கேட்கத் தகுந்தவர்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒத்துக்கொள்கிறவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். மற்றதிலெல்லாம் வாக்குவாதம்தான். போன வாரம் ஒரு புதுக் குரல் கிடைத்தது, வயதான மனிதர், கிதார் தந்தி அறுந்துவிடும்போல வாசிக்கிறார். மன்னவனூர் போய்த் திரும்பும்வரை அதையே கேட்டேன். சந்தோஷமா, துக்கமா, திட்டுகிறாரா, கும்பிடுகிறாரா என்று ஒன்றும் தெரியவில்லை. அவளிடம் போட்டுக் காட்டி அர்த்தம் கேட்கலாமா, இப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.