கண்மாய்ப் படகில் கட்டிய தொரட்டி

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். போன தை மாதம், பட்டப்பகலில், என் கண் முன்னால் நடந்தது இது.

பசுவந்தனைக்குத் தெற்கே ஒரு கண்மாய். அதில் திருட்டுத்தனமாகக் கரிசல் மண் அள்ளியவர் லிங்கராஜ். அவருக்கு ஜேசிபி ஓட்டியது நான், காளீஸ்வரன். இருபதடிக் குழி. மழைக்குக் கண்மாய் பெருகியதும் குழி இருந்த இடமே தெரியவில்லை. தண்ணீரில் இறங்கிய ஆட்டைப் பிடிக்கப் போன ஆட்டுக்காரர் கிருஷ்ணராஜ் அதில்தான் முங்கிச் செத்தார். குழி வெட்டியது யார் என்று போலீஸ் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அதே தண்ணீரில் பாய்ப்படகு விட லிங்கராஜுக்கு ஆசை வந்தது. எத்தனை கொழுப்பு பாருங்கள். இரண்டு பேர் போகிற சின்னப் படகு; அவரும் நானும். வாடைக்காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது முன்னால் பலூன் மாதிரி ஒரு பாய் விரிக்க வேண்டும். அதன் ஓரத்தை வெளியே தள்ளிப் பிடிக்க ஒரு கம்பு. ஒரு முனை பாய்மரத்து வளையத்தில், மறுமுனை பாயின் கயிற்றில். அந்தக் கம்பை நான் கோவில்பட்டியிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன்.

கரையில் ஒரு தொரட்டி குத்தி நின்றது. ஆட்டுக்குக் குழை இழுத்துப்போடுகிற நீளக் கம்பு, நுனியில் இரும்புக் கொக்கி.

"கிருஷ்ணராஜ் அண்ணாச்சி தொரட்டி மாதிரி இருக்கு, மொதலாளி."

"செத்தவன் எந்திரிச்சு வந்து கேக்கப் போறானா, லே? கட்டு."

எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் பிடுங்கினேன். சுள்ளென்ற வெயிலில் நின்ற கம்பு, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

மணி 11.50. மேலே தூக்க ஒரு கயிறு, கீழே இழுத்துப் பிடிக்க ஒரு கயிறு, கட்டியாயிற்று. படகைத் தண்ணீரில் விட்டோம். கொக்கியின் உள்பக்கம் நல்ல கூர். அதில் மாட்டிய பாய்க்கயிறு அறுந்திருக்க வேண்டும். அறுபடவில்லை…

12.05. காற்று நின்றது. கரையில் கருவேல இலைகூட அசையவில்லை. பாய் மட்டும் புடைத்தே நின்றது. படகு ஓடியது.

"சுக்கானைத் திருப்புங்க. அங்கனதான் குழி."

"திருப்புதேன்லே… திரும்ப மாட்டேங்கு."

டிங்… டிங்… ஆட்டு மணி. தண்ணீருக்கு அடியிலிருந்து.

12.12. குழிக்கு மேல் படகு நின்றது.

கம்பு வளையத்திலிருந்து தானாகக் கழன்றது. மெதுவாகத் திரும்பியது.

கொக்கி என் கழுத்தைத் தொட்டது…

விட்டுவிட்டது.

பின்னால் போனது. லிங்கராஜின் சட்டைக் காலரில் மாட்டியது.

குழை இழுப்பது மாதிரி… ஒரே இழுப்பு.

சத்தமே இல்லை.

மறுநாள் உடல் குழியில் கிடைத்தது. கம்பு கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கிருஷ்ணராஜின் மனைவி முத்துத்தாயைப் பார்க்கப் போனேன். தொரட்டியை எடுத்தவன் நான் என்பதையாவது சொல்லிவிட நினைத்தேன்.

"தொரட்டியா? அத அவிய கூடவே வச்சு எரிச்சாச்சே, அண்ணாச்சி. கொக்கி மட்டுந்தான் மிஞ்சுச்சு."

உள்ளே போய் எடுத்துவந்தார். நெருப்பில் கறுத்த கொக்கி. அதில் நீல நூல் சிக்கியிருந்தது. அன்று லிங்கராஜ் போட்டிருந்தது நீலச் சட்டை.

"வீட்டுக்குள்ளதான் கெடக்கு. மூணு நாளா ஈரம் காய மாட்டேங்கு" என்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஜேசிபி ஓட்டுனது ஆருன்னு ஒங்களுக்குத் தெரியுமா, அண்ணாச்சி?"

போலீஸ் கேட்டபோது நின்றது போலவே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

கொக்கி தொட்ட இடத்தைத் தினமும் துடைக்கிறேன். இதை எழுதும்போதும் கழுத்தில் அந்த இடம் ஈரமாகத்தான் இருக்கிறது.