அக்காவின் புரோக்கர் லைசென்ஸ்

என் அக்கா, வீடு விற்றுக் கொடுக்கும் புரோக்கர். லைசென்ஸ் இல்லாத புரோக்கர் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவாள். பரீட்சையை முதல் தடவையிலேயே பாஸ் செய்தவள். ஆனால் சட்டம் அதோடு ஆளை விடுவதில்லை. லைசென்ஸ் வைத்திருக்கும் புரோக்கர் ஒருவரிடம் இரண்டு வருஷம் வேலை பார்க்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் சொந்தமாக போர்டு மாட்டலாம்.

அக்காவுக்கு வாய்த்த அந்த ஒருவர், அவள் கணவரின் அண்ணன். பெரியத்தான் என்போம். குடும்பத்துக்குள்ளேயே ஆள் இருக்கிறாரே என்று எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அப்போதே அது சரியாகப் படவில்லை. மனுஷர் நாற்காலியை விட்டு அசைய மாட்டார். வெயிலில் மாடி மாடியாக ஏறி வீடு காட்டுவது அக்கா. பத்திரம் முடிந்ததும் எல்லாருக்கும் கை கொடுத்துச் சிரிப்பது அவர்.

ஒரு வேலைக்கு மட்டும் அவரே நேரில் வருவார். ஈரம் ஊறும் வீடு வந்தால், அந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடித்து, பீரோவை நகர்த்தி அதன் மேல் சாத்தி, ஜன்னல்களைத் திறந்து வைத்து, உச்சி வெயிலில்தான் ஆட்களை வரச் சொல்வார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அப்படித்தான் ஒரு நர்ஸ் தன் அம்மாவோடு வீடு பார்க்க வந்தாள். அம்மாவுக்கு மூச்சு இளைப்பு. "சுவர்ல ஈரம் ஏதும் இருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டது அக்காவைத்தான். அக்கா வாயைத் திறப்பதற்குள் பெரியத்தான் முந்திக்கொண்டார். "காய்ஞ்ச சுவரும்மா. தாராளமா வாங்கலாம்." அக்கா பேசாமல் நின்றாள். இரண்டு வருஷம் முடிய ஒரு மாதம்தான் பாக்கி.

நர்ஸ் வீட்டை வாங்கினாள். முதல் மழையிலேயே பீரோ நின்ற சுவரில் தண்ணீர் இறங்கியது. நர்ஸ் லைசென்ஸ் ஆபீசில் புகார் கொடுத்தாள்.

விசாரணைக்கு முந்தின நாள் பெரியத்தான் அக்கா வீட்டுக்கு வந்தார்.

"நீ கூட்டிட்டுப் போன வீடு. ஈரம் இருக்கிறதை எங்கிட்ட மறைச்சுட்டேன்னு சொல்லிடு. பயிற்சியில இருக்கிறவளை எச்சரிச்சு விட்டுருவாங்க. அன்னைக்கே கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"அண்ணன்தான் சொல்றாரில்ல," என்றார் அத்தான், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவரை அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை.

விசாரணையில் அக்கா உள்ளதை உள்ளபடி சொன்னாள். பெயிண்ட், பீரோ, தான் வாயை மூடிக்கொண்டு நின்றது வரை. பெரியத்தானின் லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்தி வைத்தார்கள். வெளியே வந்ததும் நர்ஸ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை மாடிப்படி இறங்கும் வரைகூட நிற்கவில்லை. விசாரித்த அதிகாரி பின்னாலேயே வந்து கூப்பிட்டார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"லைசென்ஸ் நிறுத்தப்பட்டவர்கிட்ட வேலை பார்த்த காலம் கணக்குல வராதும்மா. விதி அப்படி. வேற யார்கிட்டயாவது முதல்லேருந்து ஆரம்பிங்க."

அக்கா ஆரம்பிக்கத்தான் போனாள். ஊரில் உள்ள புரோக்கர் ஆபீஸ் ஒன்றையும் விடவில்லை. எல்லாரும் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். ஒருவர் மட்டும் மனதில் இருந்ததைச் சொன்னார்: "புருஷனோட அண்ணனையே மாட்டி விட்டவங்க நீங்க. நாங்கல்லாம் எம்மாத்திரம்?" அந்த ஆளின் மேஜைக்குப் பின்னால், நேர்மையே எங்கள் மூலதனம் என்று எழுதி மாட்டியிருந்தது. கூடப் போயிருந்த நான் அதைக் கழற்றிக் கீழே போட்டிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டாள்.

மூன்று மாதம் போனதே தெரியவில்லை, பெரியத்தானுக்கு. லைசென்ஸ் திரும்பி வந்ததும் அத்தானிடம் சொல்லி அனுப்பினார். "வரச் சொல்லு. நான் மனசுல வச்சுக்கலை."

அக்கா போனாள். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். இப்போதும் மாடி மாடியாக ஏறி வீடு காட்டுகிறாள். சுவர் எப்படி, தண்ணீர் எப்படி என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"எனக்குத் தெரியாதுங்க. அவரைக் கேட்டுக்குங்க."