குழாய் ஸ்பீக்கர் பழகிய கை

பெனிட்டோ அண்ணன் திருமுல்லைவாயிலில் மைக் செட் வைத்திருப்பவர். அவர் வீட்டு மாடியறையில் நான் குடியிருக்கிறேன். செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த நான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அவரும் அவர் குடும்பத்தில் முதல் ஆள்தான். அஞ்சல்வழியில் பி.ஏ. முடித்துவிட்டு, நாற்பது வயதில் இசைத் தொழில்நுட்பத்தில் முதுகலை சேர்ந்தார். எல்லாம் ஆன்லைன். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் கட்டிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து போனில் வகுப்பு கேட்பார். ஆசிரியர் ஏதாவது கேட்டால் இவர் சொல்லும் பதிலோடு கெட்டிமேளமும் சேர்ந்து போகும்.

கடைசி ப்ராஜெக்டுக்கு ஒரு பாட்டைப் பதிவுசெய்து மிக்ஸ் பண்ணி அனுப்பவேண்டும். சர்ச் பாடகர் குழுவைத் தபேலாவோடு பதிவுசெய்து அனுப்பினார். ஃபெயில். குரல் காதைக் குத்துகிறது, பேஸ் என்னும் அடியொலியே இல்லை என்று எழுதியிருந்தார்கள். திருத்தி அனுப்ப ஒரே வாய்ப்பு, பத்து நாள். அதுவும் தவறினால் இரண்டு வருடப் படிப்பும் வீண். எத்தனை முறை கேட்டும் அவர் காதுக்குக் குறை எதுவும் தெரியவில்லை.

என்னைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டார். ஒவ்வொரு சொல்லும் கணீரென்று இருந்தது. பாராட்டாகத்தான் சொன்னேன்:

"சூப்பர்ண்ணே. எங்க ஊரு திருவிழாவுல மரத்துல குழாய் கட்டிப் போடுவாங்களே, அப்பிடியே இருக்குது."

"இன்னா சொன்ன? இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டவர் மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார். குழாய் ஸ்பீக்கருக்கு பேஸ் ஆகாது. ஏற்றினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். அதனால் ஆம்ப்ளிஃபயரைத் தொட்டதுமே பேஸைக் குறைத்துக் குரலைத் தூக்குவது அவர் கைக்குப் பதினெட்டு வருடப் பழக்கம். கம்ப்யூட்டரிலும் அதையே செய்திருக்கிறார்.

"ஹெட்போன்ல போயி குழாய் கட்டிக்கீறேன், நைனா," என்றார்.

தெரிந்த பிறகும் கை கேட்கவில்லை. மதியச் சமையல் முடிந்ததும், அவரே கேட்டுக்கொண்டபடி, அவர் மனைவி செலின் அண்ணி மர ஸ்கேலோடு பக்கத்தில் உட்கார்ந்தார். மவுஸ் பேஸைக் குறைக்கப் போனால் விரலில் ஒரு தட்டு.

"கல்யாணம் ஆயி பதினஞ்சு வருசத்துல இப்பதான் அடிக்க பர்மிஷன் குட்த்துக்கீற," என்றார் அண்ணி.

நான்கு மதியங்கள் அப்படிப் போயின. ஐந்தாம் நாள் ஹெட்போனில் தபேலா என் நெஞ்சுக்குள் தட்டியது. அனுப்பிவிட்டார்.

ரிசல்ட் வந்த ஞாயிற்றுக்கிழமை கரையான்சாவடியில் ஒரு காதுகுத்து. கூடமாட உதவ நானும் போயிருந்தேன். அவர் ஏணிமேல் நின்று குழாய் கட்டிக்கொண்டிருந்தார். அவர் போன் என்னிடம் இருந்தது. பாஸ், அறுபத்து நான்கு என்றேன். ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்புறம் அண்ணிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொல்லி, விஷயத்தைச் சொன்னார். அண்ணி கேட்டது எனக்கும் கேட்டது:

"அப்ப ஸ்கேல உள்ள வெச்சிடட்டா?"

"வெச்சிடு, வெச்சிடு," என்றார்.

இறங்கி வந்து ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். கை தானாகப் போய் பேஸை முழுக்கக் குறைத்தது. விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, மைக்கில் ஊதி, "ஹலோ, ஹலோ" என்றார்.